சிஎன்சி சாஃப்ட்வேரில் கீபோர்டு ஷார்ட்கட் அமைப்பது: நிறுத்தும் கீயிலிருந்து தொடங்குங்கள்

கம்ப்யூட்டரிலிருந்து சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் உத்தரவுப்படி வெட்டும் மெஷின்) ஓட்டப் பழகுகிறவர்களுக்குக் கொஞ்ச நாளிலேயே மவுஸ் அலுத்துப்போகும். கண் எண்ட் மில் (சுழன்று வெட்டும் டூல்) நுனியில் இருக்க வேண்டும், ஒரு கையில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜோ காகிதத் துண்டோ இருக்கும், இன்னொரு கை ஸ்கிரீனில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் சின்ன பட்டனைத் தேடி மவுஸை நகர்த்திக்கொண்டிருக்கும். கண்ணை ஸ்கிரீனுக்குத் திருப்பும் அந்த அரை நொடியில்தான் டூல் ஜாபில், அதாவது வெட்டப்படும் பொருளில், போய் இடிக்கிறது. ஷார்ட்கட் வேண்டும் என்பதற்கு வேகம் ஒரு காரணமே இல்லை என்பேன். கண்ணை டூலை விட்டு எடுக்காமல் வேலை செய்ய முடிவதுதான் காரணம்.

ஆனால் இதை மற்ற சாஃப்ட்வேர்களில் ஷார்ட்கட் வைப்பது போல நினைத்துச் செய்யக்கூடாது. கட்டுரை டைப் செய்யும்போது தவறான கீயை அழுத்தினால் கன்ட்ரோல் இசட் போட்டுச் சரிசெய்து கொள்ளலாம். உடைந்த டூலுக்கும் வெட்டுப்பட்ட வைஸுக்கும் (ஜாபை இறுக்கிப் பிடிக்கும் சாதனம்) கன்ட்ரோல் இசட் கிடையாது. அதனால் எந்த கீ வசதியாக இருக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால், இந்த கீயைத் தெரியாமல் அழுத்திவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு கேள்வியிலிருந்து வருபவைதான்.

முதலில் ஒரு காகிதம்

செட்டிங்ஸைத் திறப்பதற்கு முன்னால் ஒரு காகிதத்தை மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு ஜாப் முடியும்வரை எந்தெந்த பட்டனை கிளிக் செய்கிறீர்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வராது. அந்தப் பத்துப் பன்னிரண்டுக்கு மட்டும் கீ வைத்தால் போதும். சாஃப்ட்வேரில் நூறு ஆக்‌ஷன் இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் ஒரு கீ கொடுத்து வைத்தால் நினைவிலும் நிற்காது, கை தவறி எதைத் தொட்டாலும் ஏதாவது ஒன்று நடக்கும்.

அப்புறம் அந்தப் பட்டியலை நான்காகப் பிரியுங்கள். நிறுத்துபவை: ஃபீட் ஹோல்டு, ஸ்டாப், ரீசெட். நகர்த்துபவை: எக்ஸ், ஒய், இசட் ஜாக் (அச்சை நாமே கீயால் நகர்த்துவது), ஜாக் ஸ்டெப் மாற்றுவது. எண்களை மாற்றுபவை: எக்ஸ் ஜீரோ, இசட் ஜீரோ, ஃபீட் ஓவர்ரைடு (புரோகிராமில் உள்ள வேகத்தைச் சதவீதத்தில் கூட்டிக் குறைப்பது). தொடங்குபவை: சைக்கிள் ஸ்டார்ட் (புரோகிராமை ஓட்டுவது), ஸ்பிண்டில் (டூலைச் சுழற்றும் பகுதி) ஆன், ஹோமிங் (அச்சுகளைத் தொடக்க ஸ்விட்ச் வரை கொண்டுபோய் இடத்தை உறுதிசெய்வது), புரோப் (தொட்டு இடம் அளப்பது). நிறுத்துபவை ஒவ்வொன்றும் ஒற்றை கீயில், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும்படி இருக்க வேண்டும். தொடங்குபவை எல்லாம் இரண்டு கீ சேர்த்து அழுத்தினால்தான் நடக்க வேண்டும், முடிந்தால் இரண்டு கை தேவைப்படும்படி. மற்ற இரண்டும் இடையில்.

நிறுத்தும் கீ

ஃபீட் ஹோல்டும் ரீசெட்டும் ஒன்று என்று புதியவர்கள் பலர் நினைக்கிறார்கள், இதைக் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ள வேண்டும். ஃபீட் ஹோல்டு அழுத்தினால் அச்சுகள் வேகம் குறைந்து ஒழுங்காக நிற்கும், ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும், மெஷினுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும், மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ரீசெட் அப்படியில்லை. ஜிஆர்பிஎல் என்ற கன்ட்ரோல் புரோகிராம் இருக்கும் போர்டில் ஓட்டத்தின் நடுவே ரீசெட் கொடுத்தால் மோட்டார்கள் சட்டென்று நிறுத்தப்பட்டு, அந்த அதிர்வில் ஸ்டெப் தவறியிருக்கலாம் என்று அலாரம் வரும். மறுபடி ஹோமிங் செய்யாமல் அந்த ஜீரோவை நம்ப முடியாது. ஜிஆர்பிஎல்லில் ஆச்சரியக்குறி ஃபீட் ஹோல்டு, அலைக்குறி தொடர்வதற்கு, கன்ட்ரோல் எக்ஸ் ரீசெட். எந்த சாஃப்ட்வேரை மேலே போட்டாலும் கடைசியில் போர்டுக்குப் போவது இவைதான்.

எனவே கீபோர்டிலேயே பெரிய கீ எதுவோ அதை ஃபீட் ஹோல்டுக்குக் கொடுங்கள். பலர் ஸ்பேஸ்பார் வைக்கிறார்கள், மாக்3 என்ற விண்டோஸ் கன்ட்ரோல் சாஃப்ட்வேரில் தொடக்கத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. லினக்ஸில் ஓடும் லினக்ஸ்சிஎன்சி சாஃப்ட்வேரின் ஆக்சிஸ் திரையில் பி கீ இடையில் நிறுத்தி வைக்க, எஸ் கீ மறுபடி தொடர, எஸ்கேப் மொத்தமாக நிறுத்த.

ஸ்பேஸ்பாரில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைத் தெரியாமல் வைத்துவிடாதீர்கள். பல சாஃப்ட்வேர்களில், மவுஸால் ஒரு பட்டனை கிளிக் செய்ததும் அந்தப் பட்டன் மீதே ஃபோகஸ் (அடுத்து அழுத்தும் கீ எங்கே போகும் என்பது) தங்கிவிடும். அதற்குப் பிறகு ஸ்பேஸ்பார் அழுத்தினால் அந்தப் பட்டனை மறுபடி கிளிக் செய்ததாகக் கணக்கு. சைக்கிள் ஸ்டார்ட்டை மவுஸால் கிளிக் செய்கிறீர்கள், ஏதோ தப்பாகத் தெரிகிறது, பதறி ஸ்பேஸ்பாரை அடிக்கிறீர்கள், மெஷின் நிற்காமல் மறுபடி ஸ்டார்ட் உத்தரவு வாங்கிக்கொள்கிறது. உங்கள் சாஃப்ட்வேரில் இப்படி நடக்கிறதா என்று ஸ்பிண்டில் இல்லாமல், டூல் இல்லாமல் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். நடந்தால் ஸ்பேஸ்பாரை விட்டுவிட்டு எஸ்கேப்பையோ, நம்பர் பேடின் பெரிய என்டரையோ அதற்கு ஒதுக்குங்கள். (என்டரிலும் இதே சிக்கல் சிலவற்றில் வரும், அதையும் சோதியுங்கள்.)

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். கீபோர்டில் எந்த கீயும் எமர்ஜென்சி ஸ்டாப் ஆகாது. அதற்கு 'இ-ஸ்டாப்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாலும் ஆகாது. கம்ப்யூட்டர் உறைந்து போனால் கீ வேலை செய்யாது. யூஎஸ்பி இணைப்பு மோட்டாரின் மின் இரைச்சலில் அறுந்து அறுந்து சேர்ந்தால் வேலை செய்யாது. வேறு விண்டோ முன்னால் வந்திருந்தால் வேலை செய்யாது. எமர்ஜென்சி ஸ்டாப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 13850 என்ற தரநிலையே இருக்கிறது: மஞ்சள் பின்னணியில் சிவப்பு பட்டன், அழுத்தினால் அப்படியே பூட்டிக்கொள்ள வேண்டும், கையால் விடுவிக்கும்வரை மெஷின் திரும்ப ஓடக்கூடாது. சாஃப்ட்வேரைக் கேட்காமல் நேராக மோட்டார் பவரையும் ஸ்பிண்டிலையும் துண்டிக்கும்படி அதை ஒயர் செய்திருக்க வேண்டும். அது இல்லாத மெஷினில் ஷார்ட்கட் அமைக்க உட்காராதீர்கள், முதலில் அந்த பட்டனை மாட்டுங்கள்.

ஜாக் கீகள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்க விரல் இருக்கப்போவது இங்கேதான்.

திசையிலிருந்து ஆரம்பிப்போம். மெஷினுக்கான உத்தரவு மொழியான ஜி-கோடில் எக்ஸ் பிளஸ் என்றால் ஜாபைப் பொறுத்து டூல் வலது பக்கம் போகிறது என்று அர்த்தம். டேபிள் நகரும் மெஷினில் டூல் அங்கேயே நிற்கும், டேபிள் இடது பக்கம் போகும். வலது அம்புக்குறியை அழுத்தினால் டேபிள் இடது பக்கம் போகிறதே, தப்பு என்று நினைத்து கீயைத் திருப்பிப் போடுகிறவர்கள் உண்டு. போடாதீர்கள். அப்படிப் போட்டால் ஸ்கிரீனில் தெரியும் டூல் பாதையும் உங்கள் கையும் எதிரெதிராக ஓடும். ஜாபின் மேல் டூல் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள், டேபிளை மறந்துவிடுங்கள். லேத்தில் கதை வேறு: அங்கே ஸ்பிண்டில் நீளவாக்கில் இசட், குறுக்கே எக்ஸ், அதனால் இடது வலது அம்புக்குறி இசட்டுக்கும் மேல் கீழ் எக்ஸுக்கும் போக வேண்டும்.

அடுத்து, அழுத்திப் பிடித்தால் ஓடுவதா, ஒரு அழுத்துக்கு ஒரு ஸ்டெப்பா என்பது. இரண்டும் வேண்டும். தூரமாகப் போக அழுத்திப் பிடிப்பது, ஜீரோ எடுக்க ஸ்டெப். ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன, அங்கேதான் விபத்து. ஒரு கணக்கு சொல்கிறேன். ஸ்டெப் 1 மிமீ, ஜாக் ஃபீட் நிமிடத்துக்கு 500 மிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள். கீயை அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அந்த கீயை மறுபடி மறுபடி அழுத்தியதாக நொடிக்கு 30 தடவைவரை அனுப்பும். ஒவ்வொன்றும் ஒரு ஜாக் உத்தரவு என்று சாஃப்ட்வேர் எடுத்துக்கொண்டால் 2 நொடியில் 60 மிமீக்கான உத்தரவு வரிசையில் சேர்ந்துவிடும். மெஷின் நொடிக்கு சுமார் 8 மிமீதான் போகும், அந்த 2 நொடியில் 17 மிமீ போயிருக்கும். நீங்கள் விரலை எடுத்துவிட்டீர்கள், வரிசையில் இன்னும் 43 மிமீ பாக்கி இருக்கிறது. அதை முடிக்காமல் மெஷின் நிற்காது. நல்ல சாஃப்ட்வேர்கள் இதைத் தடுக்கின்றன, அதற்காகத்தான் ஜிஆர்பிஎல் 1.1-ல் ஜாக் கேன்சல் என்று தனி உத்தரவே இருக்கிறது: விரலை எடுத்ததும் அதை அனுப்பினால் வரிசையில் இருப்பதெல்லாம் நீக்கப்பட்டு மெஷின் நின்றுவிடும். உங்கள் சாஃப்ட்வேர் எந்த வகை என்று தெரியும்வரை ஸ்டெப் மோடில் கீயை அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டி மட்டும் பழகுங்கள்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 3000 மிமீ என்றால் நொடிக்கு 50 மிமீ. மனிதக் கை கண்ணில் பட்டதற்கு எதிர்வினை காட்டக் கால் நொடியாவது ஆகும், அதற்குள் டூல் 12 மிமீ போயிருக்கும், நிற்பதற்கான தூரம் தனி. எனவே சாதாரண அம்புக்குறியில் மெதுவான வேகத்தை வையுங்கள், ஷிஃப்ட் சேர்த்தால் மட்டும் முழு வேகம். மாக்3-ல் ஷிஃப்ட் பிடித்து ஜாக் செய்தால் முழு வேகம், கன்ட்ரோல் பிடித்தால் ஸ்டெப் என்று ஏற்கனவே இருக்கிறது, இந்தப் பழக்கத்தை மற்ற சாஃப்ட்வேர்களிலும் கொண்டு வந்தால் கை குழம்பாது.

இசட்டுக்கு பேஜ் அப், பேஜ் டவுன் என்பது பல சாஃப்ட்வேர்களில் வழக்கம். மேலே இருக்கும் கீ மேலே தூக்குகிறது, கீழே இருப்பது இறக்குகிறது, அதனால் கைக்கு எளிது. ஆனால் லேப்டாப்களில் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டு சின்னதாக இருக்கும், அல்லது எஃப்என் கீயோடு அம்புக்குறியில் ஒளிந்திருக்கும். அப்படியானால் இசட் இறக்கும் கீயை வேறு எங்காவது தள்ளி வையுங்கள். எக்ஸ், ஒய் தப்பாகப் போனால் பெரும்பாலும் காற்றில்தான் போகும், இசட் தப்பாக இறங்கினால் நேராக ஜாபில் இறங்கும். இசட் ஜாக் வேகத்தைத் தனியாகக் குறைக்க வழி இருந்தால் பாதிக்கும் கீழே குறையுங்கள். ஹோமிங் ஸ்விட்ச் இருக்கும் மெஷின் என்றால் சாஃப்ட் லிமிட்டையும் (அச்சு எல்லை தாண்டாமல் சாஃப்ட்வேர் தடுப்பது) ஆன் செய்துவிட்டுத்தான் ஜாக் கீ அமைக்க உட்கார வேண்டும்.

தொடங்கும் கீயும் ஜீரோ கீயும்

இது என் கையில் நடந்தது. எம்டிஐ பெட்டியில் (உத்தரவை நேராக டைப் செய்யும் இடம்) ஒரு ஜி-கோட் வரி டைப் செய்வதாக நினைத்து டைப் செய்துகொண்டிருந்தேன், ஃபோகஸ் பெட்டியில் இல்லை, முதன்மைத் திரையில் இருந்தது. டைப் செய்த எழுத்துகளில் ஒன்று புரோகிராம் ஓட்டும் ஷார்ட்கட். ஸ்பிண்டில் ஓடவில்லை, டூல் வைஸுக்கு நேராக இறங்கத் தொடங்கியது, ஃபீட் ஹோல்டு ஒற்றை கீயில் இருந்ததால் கார்பைடு எண்ட் மில் தப்பித்தது. அன்றைக்கே ஒற்றை எழுத்தில் இருந்த ஸ்டார்ட் கீயை எடுத்துவிட்டேன்.

சைக்கிள் ஸ்டார்ட்டுக்கு ஒற்றை எழுத்து கீ இருக்கவே கூடாது. கன்ட்ரோல், ஆல்ட் இரண்டில் ஒன்றையும் கீபோர்டின் மறுகோடியில் இருக்கும் ஒரு கீயையும் சேர்த்து வையுங்கள். கீ வைக்காமல் மவுஸ் கிளிக்கிலேயே விட்டுவிட்டாலும் தப்பில்லை, ஒரு ஜாபுக்கு ஒரு தடவைதான் அழுத்தப்போகிறீர்கள். ஸ்பிண்டில் ஆனுக்கும் அதே விதி: எண்ட் மில் மாற்றும்போது முழங்கை கீபோர்டில் படுவது சாதாரணமாக நடக்கும். டூல் மாற்றும் நேரத்தில் ஸ்பிண்டிலின் பவரையே தனி ஸ்விட்சில் அணைத்துவிடுவது இன்னும் நல்லது.

ஜீரோ வைக்கும் கீ சத்தமில்லாமல் கெடுக்கும் வகை. அழுத்தினால் எதுவும் நகராது, அதனால் தப்பு நடந்ததே தெரியாது, அடுத்த தடவை ஸ்டார்ட் கொடுக்கும்போதுதான் டூல் 20 மிமீ ஆழத்தில் ரேபிட்டில், அதாவது முழு வேகத்தில், போகும். எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் ஒரே கீயில் ஜீரோ ஆக்கும் ஷார்ட்கட் வைக்கவே வேண்டாம். தனித்தனியாக, கன்ட்ரோல் ஷிஃப்ட் இரண்டும் சேர்த்து, எழுத்து அந்தந்த அச்சின் பெயராக இருக்கட்டும்.

எங்கே போய் மாற்றுவது

ஜிஆர்பிஎல் போர்டுக்கு ஜி-கோட் அனுப்பும் யூனிவர்சல் ஜிகோட் சென்டர், அதாவது யூஜிஎஸ்ஸின் பிளாட்ஃபார்ம் பதிப்பில் டூல்ஸ் மெனுவுக்குப் போய் ஆப்ஷன்ஸ், அதில் கீமேப் பக்கம். மேலே தேடும் பெட்டியில் ஜாக் என்று ஆங்கிலத்தில் அடித்தால் எல்லா ஜாக் ஆக்‌ஷனும் வரிசையாக வரும், ஷார்ட்கட் கட்டத்தில் கிளிக் செய்து வேண்டிய கீயை அழுத்தினால் பதிந்துவிடும். அந்த கீ ஏற்கனவே வேறு எதற்காவது இருந்தால் எச்சரிக்கும். எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே கொடுக்காதீர்கள், கொடுத்தால் பழைய ஆக்‌ஷன் கீயை இழந்துவிடும், அது உங்கள் ஸ்டாப் கீயாகக்கூட இருக்கலாம். அதே ஆப்ஷன்ஸ் ஜன்னலில் எக்ஸ்போர்ட் பட்டனும் இருக்கிறது, முடித்ததும் அதை அழுத்தி ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே வகை சாஃப்ட்வேரான ஜிசென்டரில் கீபோர்டு ஷார்ட்கட்டுக்கென்று தனிப் பக்கமே இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ஆன், ஆஃப் செய்யலாம், தேவையில்லாததை எல்லாம் அணைத்துவிடலாம் என்பதால் புதியவர்களுக்கு இது எளிது. ஜாக் ஷிஃப்டுடன் அம்புக்குறியாக வைக்கப்பட்டிருக்கும், கை தவறி ஓடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு, அப்படியே விட்டுவிடலாம். கேண்டில் என்ற இன்னொரு சாஃப்ட்வேரில் கீபோர்டால் மெஷினை ஓட்டுவதற்கு ஒரு டிக் பெட்டி இருக்கிறது, ஸ்க்ரோல் லாக் கீயால் அதை ஆன் ஆஃப் செய்யலாம். ஜாக் தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் ஆன் செய்து மற்ற நேரம் அணைத்து வைக்கும் இந்த முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாக்3-ல் கான்ஃபிக் மெனுவில் சிஸ்டம் ஹாட்கீஸ். ஒவ்வொரு அச்சின் பிளஸ், மைனஸுக்கும் ஒரு பட்டன், அதை அழுத்திவிட்டு வேண்டிய கீயை அழுத்தினால் அதன் எண் பதியும். 999 என்று இருந்தால் அங்கே கீ எதுவும் வைக்கவில்லை என்று அர்த்தம். திரையில் இருக்கும் மற்ற பட்டன்களின் ஹாட்கீயை மாற்ற வேண்டுமானால் ஸ்கிரீன் எடிட்டரில் போய்த்தான் மாற்ற வேண்டும், அது கொஞ்சம் நீளமான வேலை. ஆல்ட் ஆர் ஸ்டார்ட், ஆல்ட் எஸ் ஸ்டாப் என்று ஏற்கனவே இருப்பது நியாயமான அமைப்புதான், தொடாமல் விட்டாலும் சரி. மாக்4 வேறு மாதிரி: கீபோர்டு பிளகினில் கீயை ஒரு இன்புட் சிக்னலுக்குக் கொடுத்து, அந்த சிக்னல் என்ன செய்ய வேண்டும் என்று இன்னொரு இடத்தில் சொல்ல வேண்டும்.

லினக்ஸ்சிஎன்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆக்சிஸ் திரையில் ஷார்ட்கட் மாற்றுவதற்கு மெனு கிடையாது. ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கி ஆக்சிஸ்ஆர்சி என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கினால், திரை தோன்றுவதற்குச் சற்று முன்பு ஆக்சிஸ் அதைப் படித்து அதிலிருக்கும் பைதான் வரிகளை ஓட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மெஷின் இருந்தால் ஐஎன்ஐ கோப்பின் டிஸ்ப்ளே பகுதியில் யூசர் கமாண்ட் ஃபைல் என்ற வரியைச் சேர்த்து மெஷினுக்கு ஒரு கோப்பு வைத்துக்கொள்ளலாம், நான் இதைத்தான் சொல்வேன். ஒரு ஷார்ட்கட் என்பது கீயை ஒரு வேலையோடு இணைக்கும் ஒரு பைண்ட் வரி. பழைய கீயை எடுக்க அன்பைண்ட் வரி. புதிய ஜாக் கீ எழுதும்போது கீயை அழுத்துவதற்கு ஒரு வரி, கீயை விடுவதற்கு ஒரு வரி என்று இரண்டும் கட்டாயம் எழுத வேண்டும், அழுத்துவதற்கு மட்டும் எழுதினால் விரலை எடுத்த பிறகும் அச்சு போய்க்கொண்டே இருக்கும். இன்னொரு நுணுக்கம், லினக்ஸில் கீயை அழுத்திப் பிடித்திருக்கும்போதே விட்டு விட்டு அழுத்தியது போலச் சிக்னல் வரும், ஆக்சிஸின் சொந்த ஜாக் கீகள் இதைச் சமாளிக்கும்படி எழுதப்பட்டவை. எனவே புதிதாக எழுதாமல், ஆக்சிஸில் ஏற்கனவே இருக்கும் அச்சு பைண்ட் ஃபங்ஷனையே கூப்பிட்டு வேறு கீயைக் கொடுங்கள், அழுத்துவது, விடுவது, ஷிஃப்டுடன் வேகம் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஆக்சிஸில் வெறும் எண் கீகளும் வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். 1 அழுத்தினால் ஃபீட் ஓவர்ரைடு 10 சதவீதம், 5 அழுத்தினால் 50, பூஜ்யம் 100, ஒன்றுக்கு இடது பக்கம் இருக்கும் கீ பூஜ்ய சதவீதம். மெஷின் நகரவே மாட்டேன் என்கிறது என்று ஒயரையெல்லாம் கழற்றிப் பார்ப்பதற்கு முன்னால் அந்த கீ தட்டுப்பட்டுவிட்டதா என்று பாருங்கள்.

ஃபானுக், சீமென்ஸ் போன்ற பெரிய கன்ட்ரோல்களில் இந்த வேலையெல்லாம் இல்லை. அங்கே பேனல் பட்டனுக்குப் பின்னால் பிஎல்சி லேடர் (பட்டன்களையும் சிக்னல்களையும் இணைக்கும் புரோகிராம்) இருக்கிறது, அது மெஷின் செய்தவர்களின் வேலை, நாம் கை வைக்கக்கூடாது. ஃபானுக்கில் அடிக்கடி செய்யும் வேலையைச் சுருக்க வேண்டுமானால் மேக்ரோ புரோகிராமை எம்-கோடாக அழைக்கும்படி 6080 முதல் 6089 வரையுள்ள பராமீட்டர்களில் எண் கொடுத்து வைப்பதுதான் வழி.

ஆபரேட்டிங் சிஸ்டம் குறுக்கே வரும் இடங்கள்

கீ எல்லாம் சரியாக அமைத்த பிறகும் திடீரென்று வேலை செய்யாமல் போனால் பெரும்பாலும் பழி சிஎன்சி சாஃப்ட்வேருடையது அல்ல, அதற்குக் கீழே இருக்கும் விண்டோஸுடையது. ஷிஃப்டை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் கேள்வியோடு ஒரு ஜன்னல் முன்னால் வந்து நிற்கும், ஃபோகஸ் அதற்குப் போய்விடும். ஷிஃப்ட் அம்புக்குறியில் ஜாக் செய்கிறவர்கள் ஒரு நாளில் எத்தனை தடவை ஷிஃப்ட் தட்டுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வலது ஷிஃப்டை 8 நொடி பிடித்திருந்தால் ஃபில்டர் கீஸ், நம்லாக்கை 5 நொடி பிடித்தால் டாகிள் கீஸ். மூன்றின் ஷார்ட்கட்டையும் அக்சஸிபிலிட்டி செட்டிங்கில் போய் அணைத்துவிடுங்கள், இதுதான் மெஷின் கம்ப்யூட்டரில் முதலில் செய்ய வேண்டியது.

ஆல்ட் கீயைத் தனியாகத் தட்டினால் மெனு வரிசைக்கு ஃபோகஸ் போகும், எஃப்10-ம் அப்படித்தான். அதற்குப் பிறகு அம்புக்குறி மெஷினை நகர்த்தாது, மெனுவை நகர்த்தும். ஆல்ட் எஃப்4 சாஃப்ட்வேரையே மூடும், எனவே எஃப்4-க்கு ஆல்ட் சேர்த்து எதையும் வைக்காதீர்கள், பக்கத்து எஃப்3, எஃப்5-க்கும் வேண்டாம். விண்டோஸ் கீயை முடிந்தால் செயலிழக்கச் செய்துவிடுங்கள்.

நாம் தமிழில் டைப் செய்கிறவர்கள் என்பதால் ஒன்று கூடுதல். தமிழ்99 கீபோர்டு அமைப்பு ஆன் ஆகியிருந்தால் ஆர் கீயை அழுத்தும்போது சாஃப்ட்வேருக்கு ஆர் போகாமல் தமிழ் எழுத்து போகலாம், ஷார்ட்கட் செத்துவிடும். அம்புக்குறிகளும் எஃப் வரிசையும் மொழி மாறினாலும் மாறாது. அதனால் நிறுத்தும் கீயை எழுத்து கீயில் வைக்காதீர்கள், மெஷின் கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழி அமைப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனி நம்பர் பேட், மேக்ரோ பேட்

கீபோர்டையே மெஷின் பக்கம் இழுத்துக்கொண்டு போவதற்குப் பதில் ஒரு யூஎஸ்பி நம்பர் பேட் வாங்கி மாட்டினால் அது ஒரு பெண்டன்ட் (மெஷினை ஓட்டக் கையில் பிடிக்கும் ரிமோட்) மாதிரி ஆகிவிடும். 8, 2, 4, 6 அம்புக்குறி திசைகள், 9 இசட் மேலே, 3 இசட் கீழே, பெரிய பூஜ்யம் ஃபீட் ஹோல்டு. ஆனால் நம்லாக் ஆன் என்றால் 4 என்றும் ஆஃப் என்றால் இடது அம்புக்குறி என்றும் போகும், இரண்டு நிலையிலும் சோதியுங்கள். இன்னொரு விஷயம், கம்ப்யூட்டருக்கு எந்த கீபோர்டிலிருந்து வந்தது என்ற வித்தியாசம் பொதுவாகத் தெரியாது, தனி பேடில் 8-க்கு ஒரு வேலை வைத்தால் பெரிய கீபோர்டின் நம்பர் பேடிலும் அதே வேலை நடக்கும். லினக்ஸ்சிஎன்சியில் ஹால் இன்புட் என்ற பகுதியைக் கொண்டு அந்த ஒரு பேடை மட்டும் தனியாகப் படிக்க முடியும்.

கீக்கு என்ன சிக்னல் போக வேண்டும் என்று நாமே எழுதக்கூடிய மேக்ரோ பேட் இருந்தால், அவற்றை எஃப்13 முதல் எஃப்24 வரை அனுப்பும்படி வையுங்கள். இந்த 12 கீகள் யூஎஸ்பி தரத்தில் இருக்கின்றன, சாதாரண கீபோர்டுகளில் இல்லை, அதனால் தெரியாமல் அழுத்த வழியே இல்லை, எதோடும் மோதாது. லினக்ஸில் மட்டும் எஃப்13 போன்றவை வேறு பெயரில் வந்து சேரும், எந்தப் பெயரில் வருகிறது என்று பார்த்து அந்தப் பெயரை பைண்ட் செய்ய வேண்டும்.

சோதனை

டூலைக் கழற்றுங்கள், ஸ்பிண்டில் பவரை அணையுங்கள், இசட்டை உயரே, எக்ஸ் ஒய்யை நடுவில் நிறுத்துங்கள். ஜாக் வேகத்தை மிகக் குறைவாக வைத்து, ஒரு கையை எமர்ஜென்சி பட்டன் மீது வைத்துக்கொண்டு, காகிதத்தில் இருக்கும் ஒவ்வொரு கீயையும் அழுத்திப் பாருங்கள். பிறகு கொஞ்சம் மோசமாக நடந்துகொள்ளுங்கள்: இரண்டு ஜாக் கீயை ஒன்றாக அழுத்தி ஒன்றை மட்டும் விடுங்கள். ஜாக் கீயைப் பிடித்திருக்கும்போதே ஆல்ட் டேப் அழுத்தி வேறு விண்டோவுக்குப் போங்கள். ஜாக் ஓடும்போது கீபோர்டு ஒயரைப் பிடுங்குங்கள். கடைசி இரண்டில் எதிலாவது மெஷின் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால், கீயை விட்ட செய்தி சாஃப்ட்வேருக்குப் போகவில்லை என்று அர்த்தம். அந்த சாஃப்ட்வேரில் அழுத்திப் பிடிக்கும் ஜாக்கை வேகமாக வைக்கக்கூடாது, ஒயர்லெஸ் கீபோர்டு வைக்கவே கூடாது, பேட்டரி தீரும் நேரத்தை யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் டூல் இல்லாமலே ஒரு பழைய புரோகிராமைக் காற்றில் ஓட்டி, ஓடும்போது ஃபீட் ஹோல்டு கீயைப் பத்துத் தடவை அடியுங்கள். மவுஸால் எதையாவது கிளிக் செய்துவிட்டு அடியுங்கள், எம்டிஐ பெட்டியில் கர்சர் இருக்கும்போது அடியுங்கள், செட்டிங்ஸ் ஜன்னல் திறந்திருக்கும்போது அடியுங்கள். எந்த நிலையில் அது வேலை செய்யவில்லை என்பதைக் காகிதத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள்.

எல்லாம் சரியாக வந்தபின் செட்டிங்ஸ் கோப்பை நகலெடுத்து வேறு இடத்தில் வையுங்கள். மாக்3-ல் அது புரொஃபைல் பெயரில் இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு, சாஃப்ட்வேரை மூடியபின் எடுங்கள், மூடும்போதுதான் கடைசி மாற்றங்கள் அதில் எழுதப்படும். மெஷினை இன்னொருவரும் ஓட்டுகிறார் என்றால் நிறுத்தும் கீக்கும் இசட் இறக்கும் கீக்கும் நிற ஸ்டிக்கர் ஒட்டி, அவர் கையாலேயே ஒரு தடவை அழுத்த வையுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் ஆன மறுநாள் காலை, ஜாப் மாட்டுவதற்கு முன்னால், ஃபீட் ஹோல்டு கீயை மட்டுமாவது மறுபடி சோதித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.